பெரமோன் மூலக்கூறின் வடிவமும் பொறியில் விழும் அந்தும்: வயலில் சோதித்துப் பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பெரமோன், அதாவது பூச்சி தன் இனத்தை அழைக்க வெளிவிடும் மணச் சேர்வை, வைத்த பொறியைக் கட்டி ஏழு நாள் காத்திருந்து, அதற்குள் ஒரு அந்துகூட இல்லாததைக் கண்டதும், "இந்த மூலக்கூறு வேலை செய்யாது" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறவர்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த வரியை எழுதும் உரிமை கிடைப்பதற்கு முன் கடக்க வேண்டிய படிகள் ஒன்பது. ஒன்றைத் தாண்டிக் குதித்தால், அடுத்த படியில் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இருக்காது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கத்தரித் தோட்டத்திலோ, நெல் வட்டையிலோ, சோளச் சேனையிலோ சிறிய பரிசோதனை செய்ய விரும்பும் மாணவர்களுக்கும், விவசாயப் போதனாசிரியர்களுக்கும், உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: தூய்மைச் சான்றிதழோடு வாங்கிய சேர்வைகள், எக்சேன் கரைப்பான், இறப்பர் அடைப்பான்கள், நுண்குழாயி, நைத்திரைல் கையுறை, ஒரே வகைப் பொறிகள், பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை, இரசாயனத்துக்கென்றே ஒதுக்கிய ஒரு ஐஸ் பெட்டி. மீன் வைத்த பெட்டியைக் கழுவி எடுத்து வராதீர்கள். அதில் ஊறிய மணம் இறப்பரிலும் ஏறும்.

1. பூச்சி எது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

பெரமோன் என்பது ஓர் இனத்துக்கு உரிய சொல். இனம் தவறினால் பின்னால் வரும் எல்லாம் தவறும். "துளைப்பான்" என்று தோட்டக்காரர் சொல்வது கத்தரியில் ஒன்று, மிளகாயில் இன்னொன்று, நெல்லில் வேறொன்று. புழுவைக் காயோடு கொண்டுவந்து, போத்தலில் வளர்த்து, அந்து வெளிவந்த பிறகே பெயர் எழுதுங்கள்.

இன்னொரு பிரிவையும் இங்கேயே செய்துவிடுங்கள். பெண் அந்து விடும் பாலியல் பெரமோனுக்கு ஆண் மட்டுமே வரும். தென்னையில் காண்டாமிருக வண்டுக்கும் செவ்வண்டுக்கும் விற்கப்படுவது ஆண் விடும் கூடல் பெரமோன். அதற்கு ஆணும் வரும், பெண்ணும் வரும். பழ ஈக்குத் தொங்கவிடும் மெதைல் இயூஜினோல் பெண் ஈ விடும் பெரமோனே அல்ல, தாவரங்களில் இருக்கும் ஒரு சேர்வை. மூன்றையும் ஒரே அட்டவணையில் எழுதி ஒப்பிட்டால் அமைப்பு பற்றி எதுவும் தெரியவராது.

2. பெயரைப் படிக்கப் பழகுங்கள்

அந்துகளின் பெரமோன்களில் பெரும்பாலானவை நீண்ட காபன் சங்கிலிகள். "இசட்-11-16 அல்டிகைட்டு" என்ற சுருக்கப் பெயரில் நான்கு செய்திகள் இருக்கின்றன. 16 என்பது சங்கிலியில் உள்ள காபன்களின் எண்ணிக்கை. 11 என்பது இரட்டைப் பிணைப்புத் தொடங்கும் காபன். இசட் (Z) என்பது அந்தப் பிணைப்பின் இருபுறச் சங்கிலியும் ஒரே பக்கம் இருப்பதைக் குறிக்கும், பள்ளியில் சிஸ் என்று படித்தது. எதிர்ப்பக்கம் இருந்தால் ஈ (E), அதாவது திரான்ஸ். கடைசியில் வருவது தொழிற்பாட்டுக் கூட்டம்: அல்டிகைட்டு, அற்ககோல், அசற்றேற்று.

புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் எண்ணத் தொடங்கும் முனை. தொழிற்பாட்டுக் கூட்டம் இருக்கும் முனையிலிருந்துதான் எண்ண வேண்டும். வால் முனையிலிருந்து எண்ணினால் 11 என்பது 5 ஆகிவிடும்.

ஆனால் வாலிலிருந்து எண்ணிப் பார்ப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. இசட்-11-16, இசட்-9-14, இசட்-7-12 என்ற மூன்றையும் தாளில் வரைந்து பாருங்கள். மூன்றிலும் இரட்டைப் பிணைப்பு வாலிலிருந்து ஐந்தாவது காபனில் இருக்கும். பூச்சியின் சுரப்பி முதலில் 16 காபன் அமிலத்தில் 11 ஆம் இடத்தில் பிணைப்பைப் போட்டு, பிறகு தலை முனையில் இரண்டிரண்டு காபனாக வெட்டிக் குறுக்குவதால் இப்படி அமைகிறது. ஒரே பூச்சியில் இவை சேர்ந்து காணப்படுவது ஏன் என்பது இதை வரைந்து பார்த்தவருக்கு உடனே விளங்கும்.

3. எந்த மாற்றம் எதைக் கெடுக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். நம் ஊரிலேயே கிடைக்கும் மூன்று பூச்சிகளையும் மலையகத்தில் கோவாவைத் தின்னும் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பாடநூலில் பத்துப் பக்கம் படிப்பதைவிடக் கூடுதலாக விளங்கும்.

நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பான்: இசட்-11-16 அல்டிகைட்டும் இசட்-9-16 அல்டிகைட்டும், ஏறத்தாழ 3:1. மிளகாய், தக்காளியைத் துளைக்கும் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா: அதே இரண்டு சேர்வைகள், ஏறத்தாழ 97:3. கத்தரித் தண்டு மற்றும் காய் துளைப்பான்: ஈ-11-16 அசற்றேற்று, அதனோடு நூறில் ஒரு பங்கு அளவில் ஈ-11-16 அற்ககோல். கோவாவின் வைரமுதுகு அந்து: இசட்-11-16 அல்டிகைட்டும் இசட்-11-16 அசற்றேற்றும், சிறிதளவு அற்ககோலும்.

நான்கிலும் 16 காபன் சங்கிலி. நான்கிலும் பிரதான சேர்வையின் பிணைப்பு 11 ஆம் இடத்தில். அப்படியிருந்தும் ஒன்றின் ஆண் மற்றொன்றின் பெண்ணைத் தேடிப் போவதில்லை. வேறுபாடு பெரும்பாலும் பிணைப்பின் பக்கம், முனையில் உள்ள கூட்டம், கலவையின் விகிதம் ஆகிய மூன்றுக்குள் அடங்கியிருக்கிறது.

பிணைப்பின் பக்கம்: இசட் வடிவத்தில் சங்கிலி நடுவில் முழங்கை போல வளைகிறது. ஈ வடிவம் கிட்டத்தட்ட நேராகவே ஓடுகிறது. ஆண் அந்தின் உணர்கொம்பில் உள்ள நுண்மயிர்களுக்குள் இருக்கும் ஏற்பிப் புரதம், அந்த வளைவுக்கு அளவெடுத்த குழி போன்றது. நேரான மூலக்கூறு அதற்குள் சரியாக அமராது. பட்டுப்பூச்சியின் பெரமோனான பொம்பைகோலை 1959 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் பூட்டெனான்டின் குழுவினர் ஏறத்தாழ 500,000 பெண் அந்துகளின் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தபோது, அதற்குச் சாத்தியமான நான்கு கேத்திரகணித வடிவங்களில் 10 இல் ஈயும் 12 இல் இசட்டும் கொண்ட ஒன்றே மற்றவற்றைப் பெரிதும் விஞ்சி நின்றது.

முனையில் உள்ள கூட்டம்: இதைப் பற்றி யாரும் பொதுவிதி சொன்னால் நம்பாதீர்கள். கத்தரித் துளைப்பானில் சிறிதளவு அற்ககோல் சேர்ப்பது பிடிபடும் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஹெலிகோவெர்பாவில் இசட்-11-16 அற்ககோல் ஆணைத் தள்ளிவைக்கிறது. முட்டை முதிராத இளம் பெண் அந்து அதைக் கொண்டே ஆணைத் தடுக்கிறது. ஒரே நீளமுள்ள சங்கிலி, ஒரே முனைக் கூட்டம், இரண்டு இனங்களில் இரண்டு எதிரான விளைவு.

சங்கிலி நீளம்: இரண்டு காபன் குறைந்தால் ஏற்பியில் அமரும் விதமும் மாறும், ஆவியாகும் வேகமும் பல மடங்கு மாறும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "12 காபன் நன்றாக இழுக்கிறது" என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ஐந்தாம் படியில் இதற்குத் திரும்புவோம்.

விகிதம்: தண்டு துளைப்பானையும் ஹெலிகோவெர்பாவையும் மறுபடி பாருங்கள். மூலக்கூறுகள் ஒன்றே. எவ்வளவுக்கு எவ்வளவு என்பதே செய்தி. எனவே தனிச் சேர்வை ஒன்றை எடுத்து "இதற்குச் செயற்பாடு உண்டா" என்று கேட்பது பெரும்பாலும் அரைகுறையான கேள்வி.

எதிருருக்கள் (ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான வடிவங்கள்): மேலே சொன்ன நேர்ச்சங்கிலிகளில் சமச்சீரற்ற காபன் இல்லை என்பதால், கண்ணாடி விம்பப் பிரச்சினை எழுவதில்லை. வண்டுகளில் எழும். ஜப்பானிய வண்டின் பெரமோனான ஜப்பானிலூரில், செயற்படும் வடிவத்தோடு அதன் விம்ப வடிவம் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே ஈர்ப்பு வெகுவாகக் குறைகிறது. நம் தென்னையின் காண்டாமிருக வண்டுக்குத் தரும் எதைல் 4-மெதைல்ஒக்டனோயேற்றிலோ இரு வடிவமும் சமமாகக் கலந்தே பொறியில் பயன்படுகின்றன, வண்டு வருகிறது. அந்துகளோடு தொடங்குகிறவர்கள் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. அமைப்பைச் சோதிக்குமுன் தூய்மையைச் சோதியுங்கள்

ஈ-11-16 அசற்றேற்று என்று எழுதிய போத்தலில் இசட் வடிவமும் ஓரளவு இருக்கலாம். நீங்கள் ஈ-க்கும் இசட்-க்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கலப்படமே உங்கள் விடையாகிவிடும். "இசட் வடிவமும் கொஞ்சம் இழுக்கிறது" என்று எழுதுவீர்கள். உண்மையில் இழுத்தது அதற்குள் ஒளிந்திருந்த ஈ.

சான்றிதழில் "98 சதவீதம் தூய்மை" என்று மட்டும் இருந்தால் போதாது. அது இரசாயனத் தூய்மையா, சமபகுதியத் தூய்மையா (ஈ, இசட் வடிவங்கள் ஒன்றோடொன்று கலக்காததா) என்று கேளுங்கள். கலவையில் உள்ள சேர்வைகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பை எந்த நிரலில் (பிரிக்கும் குழாயில்) செய்தார்கள் என்றும் கேளுங்கள். முனைவற்ற நிரலில் ஈயும் இசட்டும் ஒன்றாகவே வெளிவந்து ஒரே முகடாகத் தெரியக்கூடும். முனைவுள்ள நிரலிலேயே அவை நன்றாகப் பிரியும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் உதவி கிடைத்தால், போத்தலைத் திறந்த அன்றே ஒரு துளியை ஓட்டிப் பாருங்கள். பரிசோதனை முடிந்த பிறகு ஓட்டிப் பார்ப்பவர்கள் ஒரு போகத்தை இழந்தபின் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நானும் அப்படி ஒரு சிறுபோகத்தை இழந்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இந்தப் படியை ஐந்தாவதுக்கு முன் வைத்திருக்கிறேன்.

5. கவர்பொருளைத் தயாரியுங்கள்

எக்சேனில் கரைத்து, கணக்கிட்ட அளவை இறப்பர் அடைப்பானின் குழிக்குள் விட்டு, கரைப்பான் போகும்வரை உலரவிடுங்கள். அடைப்பானுக்கு ஒரு மில்லிகிராம் என்பது தொடங்குவதற்கு வசதியான அளவு.

தயாரிக்கும் ஒழுங்கு: முதலில் கரைப்பான் மட்டும் விட்ட வெற்று அடைப்பான்கள், அடுத்து தனிச் சேர்வைகள், கடைசியில் முழுக் கலவை. ஒவ்வொரு வகைக்கும் கையுறை மாற்றுங்கள். முழுக் கலவையைத் தொட்ட விரல் வெற்று அடைப்பானைத் தொட்டால், வெற்றுப் பொறியிலும் அந்து விழும். அதன் பிறகு அந்தப் பரிசோதனையை ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

இப்போது ஆவியாதல். அடைப்பானில் நீங்கள் விட்ட விகிதமும் காற்றில் வெளிவரும் விகிதமும் ஒன்றல்ல. 2018 இல் இலங்கைக்குள் நுழைந்து அம்பாறைச் சோளத்தைத் தின்ற படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிரதான சேர்வை இசட்-9-14 அசற்றேற்று. அதனோடு சிறிதளவு இசட்-7-12 அசற்றேற்று இல்லாவிட்டால் ஆண் அந்து சரியாக வராது. 12 காபன் உள்ளது 14 காபன் உள்ளதைவிட வேகமாகப் போய்விடும். மூன்றாவது வாரத்தில் அடைப்பானில் மணம் இருக்கும், ஆனால் தேவையான சிறு பங்கு குறைந்திருக்கும். வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். எனவே ஒப்பிடும் எல்லா அடைப்பான்களும் ஒரே நாளில் தயாரிக்கப்பட்டு, ஒரே நாளில் வெளியே வைக்கப்பட்டு, ஒரே நாளில் மாற்றப்பட வேண்டும்.

அல்டிகைட்டுகளுக்குத் தனிக் கவனம் தேவை. அவை வளியில் ஒட்சியேறி அமிலமாகிவிடும். கரைசலில் ஓர் ஒட்சியேற்றத் தடுப்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புகையிலை வெட்டுப்புழு போன்றவற்றின் பெரமோனில் இரட்டைப் பிணைப்புகள் இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. வெயில் பட்டால் அவற்றின் ஈ, இசட் வடிவங்களே மாறத் தொடங்கும். எல்லாவற்றையும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, படலத்தால் சுற்றி, −20 பாகை செல்சியஸில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் நண்பகல் முழுவதும் கிடந்த குப்பியைப் பரிசோதனைக்கு எடுக்காதீர்கள்.

6. கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்

முதல் வாரம் முழுக் கலவையையும் வெற்றுப் பொறியையும் மட்டும் வையுங்கள். முழுக் கலவைக்கே அந்து வராத இடத்தில், திரித்த, அதாவது வடிவம் மாற்றிய, மூலக்கூறுக்கு வரவில்லை என்பதால் எதுவும் தெரியாது. இந்த ஒரு வாரத்தை வீணென்று நினைத்துத் தாண்டுகிறவர்களே அதிகம்.

அந்து வருகிறது என்று தெரிந்த பிறகு மூன்று விதமான கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பக் கூடாது.

நீக்கல்: கலவையிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டுப் பார்ப்பது. இது அந்தச் சேர்வை தேவையா என்று கேட்கிறது.

மாற்றீடு: ஒன்றை எடுத்துவிட்டு அதன் சமபகுதியத்தை அதே அளவில் வைப்பது. இது அந்த வடிவம் மற்றதன் வேலையைச் செய்யுமா என்று கேட்கிறது.

சேர்த்தல்: முழுக் கலவையை அப்படியே வைத்து, அதன்மேல் புதிய வடிவத்தைச் சேர்ப்பது. இது அந்த வடிவம் தடுக்கிறதா என்று கேட்கிறது.

மாற்றீட்டில் பூச்சியம் வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். அந்த மூலக்கூறை ஆண் உணரவே இல்லை என்பது ஒன்று. உணர்ந்து விலகிப் போகிறது என்பது மற்றொன்று. பல இனங்களில் உணர்கொம்பு மயிருக்குள், தன் பெண்ணின் மணத்தை அறியும் நரம்புக்கலத்துக்குப் பக்கத்தில், அயல் இனத்தின் மணத்தை அறிந்து விலகச் செய்யும் கலமும் இருக்கிறது. மாற்றீட்டுச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. சேர்த்தலே காட்டும்: முழுக் கலவையின் எண்ணிக்கை குறையாவிட்டால் அது வெறுமனே செயலற்றது, குறைந்தால் தடுப்பது. நான் பார்த்த மாணவர் அறிக்கைகளில் விடுபட்ட படி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். பக்கத்தையும் முனைக் கூட்டத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு, விளைவை எதற்குச் சேர்ப்பது?

7. பொறிகளை வையுங்கள்

நான்கு வகைக் கவர்பொருள் என்றால் நான்கு இடங்கள். ஒவ்வொரு எண்ணிக்கைக்குப் பிறகும் ஓர் இடம் நகர்த்துங்கள். நான்கு சுற்று முடியும்போது ஒவ்வொரு வகையும் ஒவ்வோர் இடத்திலும் இருந்திருக்கும். வரம்போரப் பொறிக்கும் நடுவயல் பொறிக்கும் இயல்பாகவே உள்ள வேறுபாடு இதனால் சமன்படும். பொறிகளுக்கிடையே 20 முதல் 30 மீற்றர்வரை இடைவெளி விடுங்கள். நெருங்கி வைத்தால் முழுக் கலவையின் மணத்தில் வந்த அந்து பக்கத்துப் பொறியில் விழும்.

வரிசையைக் காற்றுக்குக் குறுக்கே அமையுங்கள். கச்சான் மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் மேற்கு–கிழக்காக வரிசை வைத்தால், மேற்கில் உள்ள பொறியின் மணம் மற்ற எல்லாவற்றின்மேலும் போகும். வாடைக் காலத்தில் திசை மாறும், வரிசையையும் மாற்ற வேண்டும்.

பொறியின் வகையைக் காலம் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். களுவாஞ்சிகுடி, தம்பிலுவில் போன்ற கரையோர மணல் தோட்டங்களில் காற்றடிக்கும்போது ஒட்டும் தட்டு ஒரே இரவில் மணலால் மூடப்பட்டுவிடும். அங்கே சவர்க்காரத் தண்ணீர் வைத்த பொறி நல்லது. பெரும்போக மழையில் அதே தண்ணீர்ப் பொறி நிரம்பி வழிந்து அந்தைக் கொண்டுபோகும், அப்போது கூரையுள்ள புனல் பொறியைப் பயன்படுத்துங்கள். எதுவானாலும் பரிசோதனை முழுவதும் ஒரே வகை. உயரம் பயிரின் உச்சியை ஒட்டி இருக்கட்டும். கத்தரி வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள்.

வட்டைக்குள் பொறி வைக்குமுன் வட்டையின் பொறுப்பாளரான வட்டவிதானையிடமும் பக்கத்து வயல்காரரிடமும் சொல்லிவிடுங்கள். அவர் எப்போது மருந்து அடித்தார் என்பது உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டிய தகவல்.

8. எண்ணும்போது இனத்தையும் பாலையும் பாருங்கள்

மஞ்சள் தண்டு துளைப்பானின் பெண் அந்தைத்தான் எல்லோருக்கும் தெரியும்: மஞ்சள் முன்சிறகு, ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. பெரமோன் பொறியில் விழும் ஆண் அதைவிடச் சிறியது, மங்கிய கபில நிறம். "இது அந்தப் பூச்சி இல்லை" என்று அதைத் தட்டிக் கொட்டிவிட்ட வயல்காரரையும் கண்டிருக்கிறேன், மாணவரையும் கண்டிருக்கிறேன்.

ஆணா என்பதில் ஐயம் இருந்தால் பின்சிறகு உடலோடு சேரும் அடிப்பகுதியில் உள்ள முள்மயிரைக் கைவில்லையால் பாருங்கள். பெரும்பாலான அந்துகளில் ஆணுக்கு ஒரே தடித்த மயிர், பெண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை.

படைப்புழுக் கவர்பொருளுக்கு மிதிம்னா லோரேயி என்ற வேறோர் அந்து வந்து விழுவது பல நாடுகளில் அறியப்பட்டிருக்கிறது. அதை எறிந்துவிடாமல் தனி நிரலில் எழுதுங்கள். எந்த மாற்றத்துக்கு அயல் இனம் கூடி வருகிறது என்பதும் அமைப்பு பற்றிய தகவலே.

9. பூச்சியம் வந்தால் இந்த ஒழுங்கில் திரும்பிப் பாருங்கள்

முழுக் கலவைக்கும் பூச்சியமா? அப்படியானால் வயலில் அந்து இல்லை, அல்லது கவர்பொருள் கெட்டுவிட்டது, அல்லது பொறி சரியில்லை. இலையிலும் தண்டிலும் முட்டைக் கூட்டத்தையும், கருகிய குருத்தையும், வெண்கதிரையும் தேடுங்கள். சேதம் இருந்தும் பொறி வெறுமை என்றால் அடைப்பானை மாற்றுங்கள்.

முழுக் கலவைக்கு வந்து, திரித்ததற்கு மட்டும் வரவில்லையா? நகர்த்திய எல்லா இடங்களிலும் அப்படியே இருந்ததா என்று பாருங்கள். இருந்தால், பயன்படுத்திய அடைப்பானை எக்சேனில் ஊறவைத்து நிறப்பகுப்பில் ஓட்டுங்கள். நீங்கள் விட்ட சேர்வை அதே வடிவத்தில் இன்னும் அதில் இருக்க வேண்டும். ஈயாக விட்டது ஈயாகவும், அல்டிகைட்டாக விட்டது அல்டிகைட்டாகவும் இருந்தால், அப்போது எழுதலாம்: இந்த இனத்தின் ஆண், இந்த வடிவத்துக்கு, இந்த அளவில் வரவில்லை என்று. அளவை எழுதாமல் விடாதீர்கள். ஒரு மில்லிகிராமில் வராதது பத்தில் ஒரு பங்கு அளவில் வரக்கூடும், மிகையான மணமும் ஆணை நிறுத்திவிடும் என்பதால் அடுத்த வரிசைப் பொறிகளை அளவை மாற்றி வையுங்கள்.

முடிந்த அடைப்பான்களை வரப்பில் எறிந்துவிட்டு வராதீர்கள். வாரக்கணக்கில் அவை மணம் விட்டுக்கொண்டே இருக்கும், அடுத்து அதே வட்டையில் பொறி வைப்பவரின் வெற்றுப் பொறியைக் கெடுக்கும். எண்ணி எடுத்த அடைப்பான்களின் தொகை, வைத்த தொகையோடு பொருந்துகிறதா என்று பார்த்து, மூடிய போத்தலில் போட்டுக் கொண்டுவாருங்கள்.